இங்கே மட்டும்

கலைச்செல்வனுக்கு எதிலும் அவசரம். புது கேம் கன்சோல் வருகிறது என்று கேள்விப்பட்டதுமே, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தன் கேம் சென்டரில் இருந்த மூன்று பழைய மெஷின்களையும் அரியலூர்க் கடைக்காரர் அமல்தாஸிடம் தள்ளிவிட்டு, புதிதாக ஒன்றை வாங்கி வைத்தான். வாசலில் ஆள் உயர ஃபிளெக்ஸ்: 'வேறு எதிலும் ஓடாத விளையாட்டுகள். இங்கே மட்டும்!' மூலையில் அவன் படம், கூலிங் கிளாஸோடு.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கடை படுத்தால் மறுபடி சிமெண்ட் ஆலைக்கு மூட்டை தூக்கப் போகவேண்டும். ஆறு வருஷம் தூக்கியதில் நெஞ்சு கெட்டுப்போய், இனி அந்தத் தூசிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவன் மனைவி மலர்க்கொடிக்கு எப்போதும் அந்தப் பயம்தான்.

முதல் வாரம் கூட்டம் கடை கொள்ளவில்லை. ஆனால் அந்த மெஷினுக்கென்றே வந்தவை இரண்டே விளையாட்டுகள். இரண்டையும் ஆடித் தீர்த்துவிட்டு, தினமும் வரும் காலேஜ் பையன் அறிவரசன் கேட்டான்:

"வேற என்னண்ணே இருக்கு?"

கலைச்செல்வன் மற்றதைப் போட்டுக் காட்டினான்.

"இதெல்லாம் பழசுலயே ஆடுனதுதாண்ணே. படம் கொஞ்சம் பளிச்சுன்னு தெரியுது, அவ்வளவுதான்."

"வரும்டா. அடுத்த மாசம் நெறைய வருது."

அடுத்த மாதமும் வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் பழைய மெஷினிலும் ஓடின. கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு கலைச்செல்வன் ஈ ஓட்டினான். கடைசியில் வெட்கத்தை விட்டு அமல்தாஸுக்குப் போன் போட்டான்.

"அந்தப் பழசுல ஒண்ணையாவது திருப்பிக் குடுங்களேன்."

"எப்படிங்க குடுக்கிறது? ஞாயித்துக்கெழமை இங்க உக்கார எடமில்ல. பாதிப் பேரு உங்க ஊர்ப் பசங்கதான்."

போனை வைத்தவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பொங்கல் கழிந்த ஞாயிறு காலை அரியலூர் பஸ்ஸில் ஏறினான். சோற்று டப்பாவையும் மூக்கில் கட்ட இரண்டு துண்டுகளையும் மலர்க்கொடி பையில் வைத்துக் கொடுத்திருந்தாள். பின் சீட்டில் அறிவரசனும் கூட்டாளிகளும்.

"அண்ணே! நீங்களும் அமல்தாஸ் கடைக்கா?"

"இல்லடா. நான் முன்னாடியே எறங்கிடுவேன்."

ஆலை ஸ்டாப்பில் இறங்கினான். பையன்கள் ஜன்னல் வழியாகக் கையாட்டினார்கள். முதல் துண்டை எடுத்துக் கட்டுவதற்குள்ளேயே இருமல் வந்துவிட்டது.