காலண்டர் தாளின் பின்பக்கம்

வரலாறு என்றாலே கொட்டாவிதான் என்பது சோணைமுத்து அண்ணாச்சியின் தீர்ப்பு. சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி அவருடையது. தாளின் முன்பக்கம் தேதியும் ராகு காலமும். பின்பக்கம் சமையல் குறிப்பு. அந்தப் பின்பக்கத்தை எனக்குத் தாருங்கள் என்று நடையாய் நடந்தேன். எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு, ஆசையாய் எழுதிய கட்டுரைகளெல்லாம் பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த வயிற்றெரிச்சல் எனக்கு.

“ஒரு வருசம் பாப்போம், ரீனா. ஒருத்தனாச்சும் படிச்சேன்னு சொன்னா அடுத்த வருசமும் ஒனக்குத்தான். இல்லேன்னா மறுபடியும் வத்தக்கொழம்புதான்” என்றார்.

திரும்பி வந்த கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஆண்டும் ஆட்சியுமாக இருந்தன. எழுதிய எனக்கே தூக்கம் வந்தது. அவற்றைக் கடாசிவிட்டு, எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றைப் பிடித்தேன். பஞ்சத்தில் அதன் தண்ணீருக்காக இரண்டு ஊர்கள் அடித்துக்கொண்ட சங்கதி பழைய கோர்ட் தீர்ப்பு ஒன்றில் கிடந்தது. நாளுக்குக் கொஞ்சமாக வருடம் முழுக்கப் பிரித்து எழுதினேன். அரிவாளை ஓங்கிய இடத்தில் ஒரு தாள் முடியும். ராத்திரியில் யாரோ மடையைத் திறந்துவிட்ட இடத்தில் இன்னொன்று.

2006 பொங்கல் முடிந்த கையோடு பலவேசம் வந்தார். சாத்தூரில் மளிகைக்கடைக்காரர், எங்களிடம் கடைப்பெயர் போட்டுக் காலண்டர் வாங்கி வாடிக்கையாளர்களுக்குச் சும்மா கொடுப்பவர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. தை மாதத்திலேயே பாதி வீட்டுச் சுவரில் ஜூன் தொங்குகிறதாம். அடுத்து என்ன ஆச்சு என்று பொறுக்க முடியாமல் கிழித்துக்கொண்டே போய்விட்டார்களாம். இப்போது நல்ல நேரம் பார்க்க வழியில்லை என்று கடைக்கு வந்து அவரோடு சண்டையாம்.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பலவேசமும் என் பக்கம் திரும்பினார். “இது நெசமா நடந்ததா, தாயி?”

நடந்ததுதான், தீர்ப்பே இருக்கிறது என்றேன்.

“பெறகு பள்ளிக்கூடத்துல ஏன் எங்கள அப்படி அறுத்தாக?” என்று முணுமுணுத்துவிட்டு, அண்ணாச்சியிடம் சொன்னார்: “அடுத்த வருசம் வீட்டுக்கு ரெண்டு காலண்டர் போடுங்க அண்ணாச்சி. ஒண்ணு தேதி பாக்க, ஒண்ணு கிழிக்க. இந்தப் புள்ளதான் எழுதணும்.”

ஆடிப்பெருக்குக்கு மேல்தான் எங்கள் தொழிலில் ஆர்டர் தொடங்கும். அண்ணாச்சி தை மாதத்திலேயே பேனாவைத் திறந்தார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.