தலைவரின் இடது அக்குள்

துறைமுக டாக்டரின் உடுப்பில் பொன்சரிகை உண்டு, தொப்பியில் நங்கூரம் உண்டு. வேலை மட்டும் சேவல் வேலை. வெளிநாட்டுக் கப்பல் நோய்ச் சோதனைக்கான மஞ்சள் கொடியோடு வந்து அலைத்தடுப்புச் சுவருக்கு அப்பால் நங்கூரம் போட்டதும், அவர் படகில் போய்க் கீழே நின்றபடி இரண்டு முஷ்டிகளாலும் தம் அக்குள்களில் படார் படாரென்று அடித்துக் காட்டுவார். மேல்தளத்தில் வரிசையாக நிற்கும் பயணிகள் அதேபோல் தங்களை அடித்துக்கொள்ள வேண்டும். பிளேக் வந்தவனுக்கு அங்கேதான் நெறி கட்டும். அடித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். யார் முகமும் கோணாவிட்டால் கொடி இறங்கும். ஒரு முகம் கோணினாலும் கப்பல் மொத்தமும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

முதல் வகுப்புக்காரர்கள் மட்டும் அடித்துக்கொள்வதில்லை. சட்டத்தில் அப்படி விலக்கு ஒன்றும் கிடையாது. கோட்டுப் போட்ட மனிதரிடம் அக்குளைப் பற்றிப் பேச எந்த டாக்டருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான். நாளாவட்டத்தில், பிளேக்குக்கு டிக்கெட் பார்த்து ஏறத் தெரியும் என்பது மருத்துவ உண்மையாகவே ஆகிவிட்டது. இந்த டாக்டரும் போன கப்பல்வரை அதை நம்பினார். அதில் முதல் வகுப்பில் வந்து, இவரிடம் கைகுலுக்கி, வண்டியேறிப் போன துணி வியாபாரி அந்த வாரமே செத்தார். அவர் வீட்டுச் சமையல்காரரும் வண்டிக்காரரும் பின்னாலேயே போனார்கள்.

இன்றைய கப்பலின் முதல் வகுப்பில் டாக்டரின் மாமனார் நின்றார். ஊரில் ஏகப்பட்ட சங்கங்களுக்குத் தலைவர். அதனால் வீட்டிலும் அவருக்குத் தலைவர் என்றே பெயர். மருமகனுக்கு இந்த உத்தியோகத்தை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மகளுக்குப் பிறந்த தலைச்சன் பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறார். அந்த மகள் குழந்தையோடு அலைத்தடுப்புச் சுவரின் நுனியில் காத்திருந்தாள்.

“மாப்பிள்ளை, ஏணியைப் போடச் சொல்லுங்க. வெயில் ஏறுது.”

“ஒரு நிமிஷம் மாமா. எல்லாரும் அடிச்சுக் காட்டணும்.”

“காட்டட்டுமே. நான் இறங்கின பிறகு காட்டட்டும்.”

“உங்களையும் சேர்த்துத்தான் மாமா.”

மருமகனுக்கு மூளை குழம்பிவிட்டதா என்று விசாரிப்பதுபோலத் தலைவர் படகோட்டியைப் பார்த்தார். படகோட்டி துடுப்பைப் பார்த்தான்.

“இத்தனை பேர் முன்னாடி நான் இறக்கை அடிக்கணுமா? இந்தத் தொப்பியை உங்க தலையில யார் மாட்டினது?”

“நீங்கதான் மாமா.” டாக்டருக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. “அதனாலதான் கேக்குறேன். நீங்க தொடங்கி வெச்சாத்தான் மத்தவங்க ஒழுங்கா செய்வாங்க.”

தொடங்கி வைப்பதென்றால் தலைவருக்கு உயிர். கிணறு, நூலகம், மாட்டுத் தொழுவம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் முடியாது என்று சொன்னதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, சுகாதாரத்தின் மேன்மைபற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, வலது அக்குளில் ஓங்கி ஒன்று போட்டார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். இடது அக்குளை மட்டும் ஈ ஓட்டுவதுபோல லேசாகத் தட்டினார்.

“இடது பக்கம் இன்னொரு தடவை மாமா.”

“தட்டினேனே.”

“ஓங்கி.”

ஓங்கினார். முகம் கோணியது. கைதட்டல் நின்றது.

தலைவர் மேல்தளத்து ஓரக் கம்பியின் மேல் குனிந்தார். மேடைக் குரலும் இல்லை, வீட்டில் அதட்டும் குரலும் இல்லை. “வேனல் கட்டி மாப்பிள்ளை. வேற ஒண்ணுமில்ல. ஜுரம்கூடக் கிடையாது.”

“இருக்கலாம் மாமா.”

“இருக்கலாமா? நான் சொல்றேன்ல.”

அது வேனல் கட்டியாகவே இருக்க வேண்டும் என்று டாக்டருக்கும் ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் அவரைப் பயமுறுத்தியது. கைகுலுக்கியபோது துணி வியாபாரியின் உள்ளங்கை சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொள்வது அன்றைக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

“கொடி இறங்காது,” என்று கேப்டனுக்குக் கேட்கும்படி சொன்னார். “தலைவரைத் தனி அறையில வைங்க. அது என்ன கட்டின்னு தெரியுறவரைக்கும் யாரும் இறங்கக் கூடாது.”

“பெரிய மனுஷன் ஏறுற கப்பல், சீக்கிரம் விட்டுடுவாங்கன்னு நம்பி ஏறினேன்,” என்று ஒரு பயணி நொந்துகொண்டார்.

தலைவர் அலைத்தடுப்புச் சுவரின் நுனியைப் பார்த்தார். பிறகு, “குழந்தை யார் ஜாடை?” என்று கேட்டார்.

“மூக்கு உங்களுது மாமா.”

“பாவம்,” என்றார் தலைவர்.

படகு அலைத்தடுப்புச் சுவரை நெருங்கியதும் மனைவி, “அப்பா எங்க?” என்றாள். டாக்டர் விஷயத்தைச் சொன்னார்.

“சட்டம் பேச உங்களுக்கு எங்கப்பாவைத் தவிர வேற ஆள் கிடைக்கலியா?”

“கிடைச்சாங்க. எல்லாரையும் விட்டுட்டேன்.”

அவள் திரும்பி, குழந்தையைக் கப்பலுக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். அங்கே கம்பி ஓரத்தில் தலைவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி ஆட்டினார். வலது எவ்வளவு உயரமோ இடதும் அவ்வளவு உயரம்.

“பாருங்க, ரெண்டு கையும் தூக்குறார். வலி இருந்தா தூக்க முடியுமா?”

வலி இருந்தாலும் தூக்குவார் என்று டாக்டருக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சில் ஏதோ கொஞ்சம் இளகியது. மஞ்சள் கொடி இருந்த இடத்திலேயே இருந்தது.

“இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கு,” என்றார் மனைவியிடம். “நல்லாப் பார்க்கட்டும்.”