மூக்குக்காக விதைத்த தைம்

காய்ச்சல் என் மனைவியை விட்டுப் போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு இருக்கிறது, அழகாகவே இருக்கிறது. ஆனால் பால் திரிந்தாலும் அதற்குத் தெரியாது, காபி கொதித்தாலும் தெரியாது. நான் ஒரு ஆபீஸ் கேன்டீனில் சமையல்காரன். அங்கே கூட்டம் கூட்டமாக வந்து சாப்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கை கழுவிக்கொண்டு போவார்கள். அது எனக்குப் பழகிவிட்டது. வீட்டில் இவள் தட்டைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

"தினமும் வாசனையான பொருளா மோந்து பாருங்க. திரும்பி வந்தாலும் வரும்" என்றார் டாக்டர். இவள் தைம் வேண்டும் என்றாள். நான் சூப்பில் போடுகிற அந்த மேல்நாட்டுப் பொடி இலை அவளுக்கு உயிர். ஓமத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு வாசனை.

"வாங்கிட்டு வரேன்" என்றேன்.

"கடையில இருக்கறது எப்பப் பறிச்சதோ. விதை போட்டு நாமளே வளப்போம்."

அவள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். அவள் கை வைத்தால் மண்கூட குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். விதை போடுகிற தட்டைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவினாள். மண்ணைச் சலித்தாள். கையுறை போட்டுக்கொண்டாள். விதைப் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்த நான், "காலி பாக்கெட்டைக் குடுத்து ஏமாத்திட்டான்" என்று கத்தினேன். அடியில் தூசி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததுதான் விதையாம்.

"வாயை மூடுங்க. நீங்க மூச்சு விட்டாலே பாதி பறந்துரும்."

காய்ந்த மணலில் விதையைக் கலந்து, ஈர மண்மேல் தூவி, கரண்டியின் முதுகால் மெதுவாக அழுத்தினாள். நான் பழக்க தோஷத்தில் ஒரு பிடி மண்ணை மேலே போடப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "மூடக் கூடாது. வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும்." பிறகு தட்டின்மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து, காயத்துக்குக் கட்டுப் போடுகிற மாதிரி நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். தூசி, கிருமி எதுவும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

மெக்கானிக்காக இருக்கும் அவள் தம்பி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, மண்ணை வளக்கறீங்களா?" என்றான். அவனுக்கு அன்றைக்குக் காபி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு காலையில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. "வாங்க வாங்க, வந்து பாருங்க" என்று என்னைப் பல் தேய்க்கக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். தாளின் உள்பக்கம் வேர்த்துக் கொட்டியிருந்தது.

"கொஞ்சம் திறந்து விடேன். சட்டியில ஆவி கட்டினா நான் மூடியைத் தள்ளித்தான் வைப்பேன்."

"இது சட்டியில்ல. ஒரு கிருமி போனா எல்லாம் போச்சு."

அவள் வேலையில் நான் வாய் வைப்பதில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. குட்டிச் செடியெல்லாம் கழுத்து ஒடிந்து மண்ணில் படுத்திருந்தது. மண்மேல் வெள்ளையாகப் பஞ்சு போலப் பூஞ்சணம். காற்றில்லாமல் ஈரத்திலேயே அழுகிவிட்டது.

"எல்லாத்தையும் சுத்தமாத்தானே செஞ்சேன்" என்றாள். அழவில்லை. குழாயடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தினமும் மோந்து பார்க்கிற கிராம்பு டப்பாவை அன்றைக்குத் தொடவில்லை.

"விடுங்க. வாசனை வர்றதா இருந்தா இதுக்குள்ள வந்திருக்கும்."

செடி போனால் போகட்டும். இவள் மனசு விட்டுப்போவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் அவளைக் கேட்காமல் மிச்சமிருந்த விதையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் செய்ததையெல்லாம் செய்தேன், டேப்பை மட்டும் தொடவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "அழுத்துங்க, புதைச்சுராதீங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் என்னை நகர்த்திவிட்டு அவளே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த முறை தாளைச் சும்மா போர்த்தினோம், முளை வந்ததும் எடுத்துவிட்டோம். தண்ணீரை மேலே ஊற்றாமல் அடித்தட்டில் விட்டோம். சின்ன ஃபேனை மெதுவாக வைத்து, "காத்து வாங்கட்டும் பிள்ளைங்க" என்றாள் நர்ஸம்மா. தைம் வளர்வதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. அவளுக்கு இருந்தது. நாற்றுகளை ஸ்பூனால் நெம்பியெடுத்துத் தொட்டிக்கு மாற்றினாள். தினமும் ஒரு இலையைக் கசக்கி மூக்கில் வைத்து, "ஒண்ணுமில்ல" என்று ரிப்போர்ட் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். முகத்தில் வருத்தம் குறைந்திருந்தது. மூக்குக்காக ஆரம்பித்த செடி, செடியாகவே பிடித்துப்போய்விட்டது அவளுக்கு. வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

செடி புதராகப் படர்ந்த பிறகு, ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கூப்பிட்டாள். முதல்முறையாக ஒரு கொத்து வெட்டியிருந்தாள். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, கண்ணை மூடிக்கொண்டு மூக்கருகில் கொண்டுபோனாள். நான் அவள் தோள்மேல் எட்டி, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புருவம் சுருங்கியது.

"என்ன? வருதா?"

முழங்கையால் என் நெஞ்சைத் தள்ளினாள். "தள்ளி நில்லுங்க. என்ன இது, மேலெல்லாம் வெங்காய நாத்தம், குளிக்காமகூட வந்து..."

பாதியில் நிறுத்திவிட்டாள். தைம் கொத்து தரையில் விழுந்தது. என் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பற்றி இழுத்து, முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். இத்தனை வருஷம் சமைத்து நான் வாங்கிய பாராட்டெல்லாம் அதற்குமுன் ஒன்றுமேயில்லை.

"தைம்?" என்றேன்.

"அது வர்றப்போ வரட்டும். நீங்க நகராதீங்க."