ஒரு துண்டு பச்சைச் சேனை

என் மாமியாருக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் புருஷன் போன பிறகும் இந்தக் கிழங்குக் கடையை நான்தான் நடத்துகிறேன், மூட்டை இறக்குவது முதல் எடை போடுவது வரைக்கும். ஆனால் கடை மாமியார் பெயரில். சாவி அவர் இடுப்பில். காலையில் வந்து திறந்துவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, நான் கொசுறு போடும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார்.

இப்போது அந்தச் சாவிக்கு ஆள் வந்துவிட்டது. அவருடைய மூத்த மகன். எதிர் வரிசையில் பழக்கடை. ஆப்பிள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், கன்னம் அப்படி. இந்தக் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாராம்.

"நீ பாட்டுக்கு வீட்ல இரும்மா. உனக்கு ஒண்ணும் குறை வைக்க மாட்டேன்" என்றார். இந்தக் கடை இல்லாவிட்டால் நான் அந்த வீட்டில் யார்? சோற்றுக்குக் கையேந்துகிறவள்.

"இன்னிக்கு அவன் வியாபாரம் பண்ணட்டும். சாயங்காலம் சாவிய அவன்கிட்டக் குடுத்துடறேன்" என்றார் மாமியார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஆப்பிளுக்குத் தெரிந்த வியாபாரம் ஒன்றுதான். அறுக்க வேண்டியது, நீட்ட வேண்டியது. அவர் வாயில் வைக்க மாட்டார், சர்க்கரை வியாதி. வந்ததும் ஒரு சர்க்கரைவள்ளியைத் தோல் சீவி, வில்லை வில்லையாக அறுத்து, வருகிறவர்களிடமெல்லாம் நீட்டினார். பச்சையாகவே இனிக்கிற கிழங்கு அது. வாங்கிக் கடித்தவர்கள் சிரித்தார்கள், கூடை மளமளவென்று காலியானது. மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்து ஒரு சின்னப் பெண் வந்தாள், புதுக் குடித்தனம் போல. சேனைக்கிழங்கைக் காட்டி, "இது எப்படிண்ணே இருக்கும்?" என்றாள்.

"ரெண்டும் மண்ணுக்குள்ள விளையறதுதானே" என்று ஆப்பிள் கத்தியை எடுத்து ஒரு துண்டு அறுத்து நீட்டினார்.

சர்க்கரைவள்ளி எங்கே, சேனை எங்கே! அதில் ஈரம் பட்டால் அழுகிவிடும், ஆனால் கடித்துத் தின்னலாம். இது மாதக்கணக்கில் மூலையில் கிடந்தாலும் கெடாது, ஆனால் வேகாமல் வாயில் போட்டால் நாக்கிலிருந்து தொண்டை வரைக்கும் அரிப்புப் பிடுங்கி எடுத்துவிடும். நறுக்குகிற கைக்கே அரிக்கும் என்பதால் கல்லாவுக்கு அடியில் ஒரு உருண்டை புளி எப்போதும் இருக்கும். அந்தப் புளியை வைக்கச் சொல்லிக்கொடுத்ததே மாமியார்தான், கல்யாணமான புதிதில், திட்டிக்கொண்டே.

"பச்சையாத் தின்னாதம்மா, அரிக்கும். புளி போட்டு வேகவச்சுத்தான் சாப்பிடணும்" என்று அந்தப் பெண்ணின் கையைத் தடுத்தேன்.

ஆப்பிளின் கன்னம் இன்னும் சிவந்தது. "வியாபாரம் நடக்குதில்ல, பொறுக்கல இவளுக்கு. அம்மா, நீயே தின்னுட்டுச் சொல்லு."

மாமியார் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா? வாங்கி வாயில் போட்டார். மென்றார். விழுங்கியும் விட்டார்.

"இனிப்பாத்தான் இருக்கு" என்றார்.

அடிப்பாவி மனுஷி! கடை எனக்கு வரக் கூடாது என்பதற்காக அதையுமா விழுங்குவார்?

அந்தப் பெண் எதற்கும் வேகவைத்தே சாப்பிடுகிறேன் என்று ஒரு கீற்று வாங்கிக்கொண்டாள். ஜெயித்துவிட்ட மிதப்பில் ஆப்பிள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வண்டி வரைக்கும் போனார்.

கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். மாமியாருக்குக் கண்ணில் நீர் கட்டியது. தண்ணீர் குடித்தார், அதற்கெல்லாம் அடங்குமா? கை கல்லாவுக்கு அடியில் துழாவியது. நான் முந்திக்கொண்டேன்.

"குடுடி." குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

"இனிப்புத் தின்னவங்களுக்குப் புளி எதுக்கு அத்தை?"

"விளையாடாத. தொண்டை எரியுது."

"அரிக்குதுன்னு உங்க மகன்கிட்டச் சொல்லுங்க. தரேன்."

தலையை ஆட்டினார். மாட்டாராம். மகனை என் முன்னால் விட்டுக்கொடுக்க மாட்டாராம். எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. புளி இருந்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையை அவர் முன்னால் நீட்டினேன்.

என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. திட்ட வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. மகன் போன பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். அது சூடாக இருந்தது.

புளியைக் கொடுத்தேன். பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

ஆப்பிள் கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார். "என்னம்மா, பாத்தியா வியாபாரத்த? சாவிய இப்பவே குடுத்துடேன்."

"அவகிட்ட இருக்கு."

"அவகிட்டயா? ஏன்?"

மாமியார் புளியை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"அரிக்குதுடா" என்றார். "போ, போய் உன் பழத்தப் பாரு."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.