இடது கால் அக்கா

…இன்றைக்காவது அரை நிமிஷம் நாடி பிடிப்பானா, போன மாதம் பன்னிரண்டு எண்ணுவதற்குள் கையை விட்டுவிட்டானே, என்று நினைத்தபடி எல்சி பள்ளிக்கூட மைதானத்துச் சரளையில் மல்லாந்து கிடந்தாள். சித்திரை வெயில் இமைக்குள் குத்தியது, தலைப்பை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் குண்டு விழுந்து அடிபட்டவள் தலைப்பைச் சரிசெய்வாளா, கேப்டன் மகாதேவன் பார்த்தால் திட்டுவார். போன வருஷம் பாகிஸ்தான் சண்டை முடிந்த கையோடு, மிலிட்டரி ஆஸ்பத்திரியிலிருந்து ரிட்டயரான அந்த மனுஷர் இந்த மராட்டி ஊர் கேம்ப்பில் முதலுதவிப் படை என்று ஒன்றை ஆரம்பித்தார், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அவர் விசில் ஊதினால் குண்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம், நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வருவார்கள், அடிபட்டவர்களாக மூன்று பேர் கழுத்தில் காயம் எழுதின அட்டையோடு கிடப்பார்கள். பெண்களும் கட்டுப்போடப் படிக்கலாமே என்று கேப்டன் கேட்டபோது, இல்ல சார், நான் படுத்துக்கிடுதேன் என்று எல்சி சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். ஆறு மாதமாக அதே அட்டைதான், இடது தொடை எலும்பு முறிவு.

எதற்காகப் படுக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. ஒன்பது வருஷம் அம்மாவைப் புரட்டி, துடைத்து, தலைவாரி, சோறு ஊட்டி… அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது, கோர்படியில் இருக்கிற வீட்டில் இப்போது ஒரு தட்டு, ஒரு தம்ளர். சபையில் எல்லாரும் இரண்டு கையையும் கூப்பி ஸ்தோத்திரம் சொல்லிப் போய்விடுகிறார்கள், பஸ் கண்டக்டர் சில்லறையை விரல் படாமல் போடுகிறான், ஆபீஸில் டைப் அடிக்க வேண்டிய காகிதம் மேஜைமேல் வந்து விழுகிறது, ஒரு நாள் பூராவும் யார் மேலும் படாமல் ஒரு ஆள் இருக்க முடியும் என்று அவளுக்கு நாற்பத்தேழு வயதில்தான் தெரிந்தது. இங்கே வந்தால் படையில் இருக்கிற இஸ்மாயில் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணுவான், அரை நிமிஷம். மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரப்பெட்டிக் கடை வைத்திருக்கிற காயல்பட்டினத்துப் பையன், முதல் மாதம் கூசிக் கூசி, தொடலாமாக்கா என்றான், எங்கேக்கா வலிக்கு, பயப்படாதீய என்றான், அந்தப் பேச்சும் அந்தக் கையும் ஒரு வாரத்துக்கு வந்தன அவளோடு. இதில் வேறு ஒன்றுமில்லை, அவனுக்கு அவளைவிடப் பதினைந்து வயது குறைவு, ஆனால் ஒன்றுமில்லை என்று இத்தனை தடவை ஏன் சொல்லிக்கொள்கிறாய் எல்சி, வெட்கமாயில்லையா… வெட்கமாய்த்தான் இருந்தது, ஆனாலும் வந்தாள்.

இன்றைக்கு அட்டை வேறு. கேப்டன் தாமே குனிந்து எழுத்து உள்பக்கம் இருக்கும்படி ஊக்கு குத்தினார், வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, நாடி நூற்று முப்பது, கால்களில் காயமில்லை, வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. காயத்தைப் பத்திக் கேட்டா மட்டும் சொல்லுங்கோ, கேக்கலேன்னா வாயே திறக்கப்படாது, இன்னிக்கு மூணு பேரும் பிழைச்சாதான் இவா மெட்ராஸ்ல நடக்கற முதலுதவிப் போட்டிக்குப் போறா, என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனார். அப்படியென்றால் இன்றைக்கு அவன் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கும், முழு அரை நிமிஷம், ஏன், ஒரு நிமிஷம்கூட ஆகலாம்… அவளுக்குச் சந்தோஷமாயிருந்தது, அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் எரிச்சலாகவும் இருந்தது.

விசில் கேட்டது. சலோ சலோ என்று ஸ்ட்ரெச்சர் தூக்குகிற ஜாதவ் கத்திக்கொண்டு முன்னால் ஓடி வந்தான், பின்னாலேயே இஸ்மாயில், மூச்சு வாங்க மண்டியிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். நம்ம இடது கால் அக்கால்லா, என்றான். அட்டையைத் திருப்பவில்லை, எங்கே வலிக்கு என்று கேட்கவில்லை, நாடி பார்க்கக் கைக்கு வரவே இல்லை, இடது காலுக்கு இரண்டு பக்கமும் கட்டைகளை வைத்து ஏழு முடிச்சு, சேலைமேல் அழகாக, கண்ணை மூடிக்கொண்டே போட்டிருப்பான் போலிருக்கிறது, அவ்வளவு சுத்தம். அட்டையைப் பாரேன், மடையா… அவள் அவனையே பார்த்தாள், அவன் முடிச்சுகளைப் பார்த்தான். நன்றாகத் தெரிந்தவர்கள் இப்படித்தானா, தெரிந்துவிட்டால் அப்புறம் பார்க்கவே வேண்டாமா.

பிறகு அவன் போகாமல் திரும்பினான். வெயிலு இப்படி அடிக்கி, தாகமா இருக்கும்லாக்கா, என்று இடுப்புக் குப்பியைத் திறந்தான். வாய்வழியாக எதுவும் கூடாது. தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும், வேண்டாம் என்று உதட்டை இறுக்கினால் போதும், அவன் முட்டாளில்லை, ஏன் என்று யோசிப்பான், அட்டையைப் படிப்பான், மெட்ராஸ் போவான். அதற்குள் அவன் உள்ளங்கை அவள் பிடரிக்கடியில் வந்துவிட்டது, தலையைத் தூக்கியது, முழுக் கனத்தையும் வாங்கிக்கொண்டது, மெதுவாக்கா, மெதுவா… எல்சி குடித்தாள். தாகம் இல்லை, குடித்தாள், குப்பியில் தண்ணீர் தீர்கிறவரை மெல்ல மெல்லக் குடித்தாள்.

கேப்டன் கடைசியில் வந்து அட்டையைத் திருப்பினார். எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, இந்தியில், சத்தமே போடாமல், இந்த அம்மா இறந்துபோய் எட்டு நிமிஷம் ஆகிறது, உடையாத காலுக்குக் கட்டுப்போட்டு, கொடுக்கக் கூடாத தண்ணீரையும் கொடுத்துக் கொன்றிருக்கிறீர்கள், என்றார். மெட்ராஸுக்கு இவர்களுக்குப் பதிலாகப் பக்கத்துக் கிர்க்கியின் படை போகும். அப்புறம் தமிழில் அவளிடம், தப்பு என்னோடது, ஒரே ஆளைப் படுக்கவெச்சுண்டே இருந்துட்டேன், அடுத்த மாசம் இவாளுக்குத் தெரியாத ஆளாப் பாத்துக்கறேன், நீங்க சிரமப்பட வேண்டாம், என்றார். சிரமமா…

இஸ்மாயில் முடிச்சுகளை அவிழ்க்க உட்கார்ந்தான். ஏழு முடிச்சிலும் அவன் விரல் அவள்மேல் படவில்லை.

“ஒரு சாடை காட்டியிருக்கக் கூடாதாக்கா? தண்ணியும் குடிச்சியளே.”

“மறந்துட்டு தம்பி.”

அவன் உடனே நம்பிவிட்டான், அதுதான் தாங்கவில்லை.

“பரவால்லக்கா. மெட்ராஸ் வரைக்கும் போனா அப்படியே ஊருக்குப் போயி உம்மாவ ஒரு எட்டு பாத்திட்டு வந்திரலாம்னு இருந்தேன். மூணு வருசமாச்சி. இப்போ கண்ணு தெரியலியாம், குரல வச்சிதான் ஆளு கண்டுபிடிக்காவளாம்.” கட்டைகளை அடுக்கிக்கொண்டே யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னான்.

உம்மாவா, அவனுக்கு ஒரு உம்மா இருக்கிறாளா, இருக்கத்தானே செய்வாள், எல்லாருக்கும் இருப்பதுதானே… ஆறு மாதமாக அந்தக் கையின் சூடு தெரியும், வலது பெருவிரலில் தகரம் கீறின தழும்பு தெரியும், நாடி எண்ணும்போது உதடு அசைவது தெரியும். உம்மாவைத் தெரியாது. அவன் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான், வாரேன்க்கா என்றான், ஜாதவ் பிடித்திருந்த ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைத் தூக்கினான். கூப்பிட வேண்டும், வேண்டுமென்றுதான் குடித்தேன் தம்பி என்று சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் உம்மாவுக்கு யார் சோறு ஊட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டும், ஒன்பது வருஷம் ஊட்டினவளுக்கு இதைக்கூடக் கேட்கத் தெரியாதா… கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கேப்டன் பேசக் கூடாது என்று சொன்னது காயத்தைப் பற்றி மட்டும்தானே, மற்றதெல்லாம் இந்த ஆறு மாதமும் பேசியிருக்கலாமே என்று எல்சிக்கு அப்போதுதான் தோன்றியது. அவர்கள் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.