சீட்டுக்கு அடியில் கிடந்த ஸ்பேனர்

மார்ச் 14. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா முதன்முதலாக ஆட்டோகிராஸ் கார்ப் பந்தயத்தில் ஓட்டப்போகும் எங்கள் காரில், ஓட்டுநர் சீட்டின் போல்ட்டை மாலை நேர மெக்கானிக் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி இறுக்கினேன். ஸ்பேனரைச் சீட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். அக்கா ஓட்டிப் பயிற்சி செய்தபோது ஒரு திருப்பத்தில் அது சறுக்கி வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கியது. கார் சுவரில் மோதியது.

நெற்றியில் ரத்தம் வழிய இறங்கிய அக்கா அதே ஸ்பேனரால் என் தோளில் ஓங்கி அடித்தாள்.

“கொல்றதுன்னா நேரா கொல்லுடா, எருமை!”

“எனக்கு இந்த வேலை வராதுக்கா. வேற ஆளப் பாரு.”

சட்டையைப் பிடித்து என்னைச் சுவரில் மோதினாள். “ஓடுனா காலை ஒடச்சிருவேன். ஞாயித்துக்கிழமை நான் ஓட்டியே ஆகணும். நீதான் வண்டிய ரெடி பண்ற.”

நாளை பம்பரை நிமிர்த்த வேண்டும். அதற்கு முன், சீட்டைக் கழற்றி, அடியில் வேறு எதையாவது விட்டிருக்கிறேனா என்று துழாவிப் பார்க்க வேண்டும்.