பச்சைக் கேற் வீட்டுப் படம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என்னிடம் கேட்டு வாங்கியது. பிள்ளைகளின் இணையப் பாதுகாப்புக்கு யாரோ ஒரு கையேடு போடுகிறார்களாம். பிள்ளை பிழை விட்டு, பெரியவர் திருத்துவதாக ஒரு கதை வேண்டுமாம். ஃபோனில் அலாரம் வைக்கவே மகளைக் கூப்பிடுகிற என்னிடம் போய்க் கேட்டார்கள்.

முதல் தொடக்கம்: "ஓர் ஊரில் சொல் கேளாத சிறுமி ஒருத்தி..."

(வேண்டாம். எனக்குத் தெரிந்த சிறுமி சொல் கேட்பவள். கேளாதவர் அவளுடைய வாப்பா.)

2

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு குறுந்தெரு, எங்கள் ஒழுங்கை. (ஊரைச் சொல்லமாட்டேன். இணையப் பாதுகாப்பு எனக்கும் கொஞ்சம் தெரியும்.) அதில் நளீரின் வீடு. வாசல் கேற் பச்சை, இலைப் பச்சையல்ல, கிளிப் பச்சை. (இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது.)

மகள் ஸுலைஹா ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்ததும், ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் நளீரும் செய்தார். மாலை போட்டு, கேற்றுக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்தார். முழுப்பெயர், பாடசாலை, புள்ளி, ஒழுங்கையின் பெயர் எல்லாம் சேர்த்து முகப்புத்தகத்தில் ஏற்றினார். வீடு தெரியுதே என்றாள் மகள்.

"கள்ளனுக்கும் தெரியட்டுமே, கெட்டிக்காரிட வீடெண்டு!"

3

2018 மார்ச். தெல்தெனியப் பக்கம் முஸ்லிம் கடைகளை எரித்தார்கள். ஊரடங்கு. எங்கள் ஒழுங்கையில் ஒரேயொரு முஸ்லிம் வீடு. எதுவென்று வெளியாருக்குத் தெரியாது, படத்தைப் பார்த்தாலொழிய.

"வாப்பா, அந்தப் படத்த அழிங்க."

"ஏலாதே மகள். கவர்மண்ட் முகப்புத்தகத்தையே பூட்டிப் போட்டீக்கி."

வெறுப்பு பரவாமலிருக்கப் பூட்டினார்கள். பரப்புகிறவர்கள் பின்கதவால் போய்வந்தார்கள். நளீருக்குப் பின்கதவு தெரியாது.

"வீபிஎன் போடுங்க வாப்பா."

"அதென்ன? ஹராமா?"

"ஸ்கூல்ல செல்லித் தந்தாங்க, பிள்ளைகள் அதப் பாவிக்கப்படாதெண்டு. அதாலதான் எனக்குத் தெரியும்."

மதிலுக்கு இப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். (எழுதுகிறவன் கதைக்குள் நிற்பது முறையல்ல. ஊரடங்கில் வேறெங்கே போய் நிற்பது?) பல்லேகலத் திசையில் புகை. ஃபோனில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக, "அழிக்கவா?" என்று கேட்டது. அவள் அழுத்தினாள்.

4

முதல் முடிவு: படம் அழிந்தது, வாப்பா திருந்தினார். கையேட்டுக்காரர்களுக்கு இது போதும்.

இரண்டாவது: அழிந்தது உண்மைதான். ஆனால் பெருமை தாங்காத மாமாமாரும் சாச்சாமாரும் அதே படத்தைத் தங்கள் பக்கங்களிலும் ஏற்றியிருந்தார்கள். ஸுலைஹா ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்தாள்.

"சாச்சா, என்ட படத்த எடுத்துப் போடுங்க."

"வடிவா ஈக்கிற படமே மகள், என்னத்துக்கு?"

மூன்றாவது: கேற்றுக்கு முன்னால் கடை எரித்தவர்கள் வந்து

(இதை எழுதமாட்டேன்.)

5

ஸுலைஹா இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள். வரைவை நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"என்ட பேர் அங்கிள்?"

"மாத்திட்டேன். உங்க வாப்பாட பேரையுந்தான்."

"ஒழுங்கை?"

"சொல்லவே இல்ல."

"கேற்?"

எனக்குப் பிடித்த அந்த வரியில் பேனாவை வைத்தேன்.

"அல்லாஹ்வே, நீங்களும் வாப்பா மாதிரியே!" சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. சாச்சாமாரின் பக்கங்களில் சில இன்னும் திறந்துதான் கிடக்கின்றன.

அந்த வரியை வெட்டினேன். தலைப்பையும் வெட்டினேன். பிந்திவிட்டது, நீங்கள் வாசித்துவிட்டீர்கள். படம் அழிந்ததா இல்லையா என்பது இனி என் கையில் இல்லை. எங்கே, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள்: அந்த வீட்டுக் கேற் என்ன நிறம்?